தலையில் அடிபட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது

 

ஒரு பிள்ளைக்குக் கை ஒடிந்துவிடுகிறது. மாவுக்கட்டுப் போடுகிறார்கள். அந்தக் கட்டை ஊரே பார்க்கிறது. "பாவம், கை ஒடிந்த பிள்ளை" என்று எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். யாரும் அவனிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுப்பதில்லை. எழுதவில்லை என்று வாத்தியாரும் கோபிப்பதில்லை. கட்டுப் பிரிக்கும்வரை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அதே பிள்ளைக்குத் தலையில் அடிபடுகிறது. வெளிக்காயம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். "பயப்பட ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மறு வாரம் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது. கரும்பலகையில் உள்ள எழுத்து மங்குகிறது. நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை. சின்னப் பேச்சுக்கும் கோபம் வருகிறது, அழுகை வருகிறது.

இப்போது யார் பொறுத்துக்கொள்கிறார்கள்? தலைக்குத்தான் மாவுக்கட்டு இல்லையே! "சோம்பேறி" என்கிறார்கள். "நடிக்கிறான்" என்கிறார்கள். "படிக்கப் பயந்து சாக்குச் சொல்கிறாள்" என்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயத்தைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. வீடும் பள்ளிக்கூடமும் சேர்ந்து சில வாரம் கை கொடுத்தால், பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுவார்கள். கை கொடுக்காவிட்டால், சில வாரத்தில் ஆற வேண்டிய காயம் ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடும்.

மூளை அதிர்ச்சி என்றால் என்ன?

ஒரு தூக்குப் பாத்திரத்தில் மோர் இருக்கிறது. அதை வேகமாக வீசி, சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பாத்திரம் நசுங்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் மோர் அலம்புகிறது. தலையும் அப்படித்தான். மண்டை ஓடு கெட்டியானது. உள்ளே இருக்கும் மூளை மிக மென்மையானது. தலை எதிலாவது மோதினால் மூளை உள்ளே குலுங்குகிறது. உடம்பு பலமாக உலுக்கப்பட்டாலும் குலுங்குகிறது. அப்போது மூளையின் நுண்ணிய நரம்புகள் இழுபடுகின்றன. அவற்றின் வேலை சில நாளோ சில வாரமோ தடுமாறுகிறது. இதற்கு மூளை அதிர்ச்சி என்று பெயர். டாக்டர்கள் 'கன்கஷன்' என்பார்கள்.

மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் மிகப் பலருக்கு நினைவு தப்புவதே இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றும் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. எலும்பு உடைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதற்காக ஸ்கேன் எடுக்கிறார்கள். வீட்டைப் படம் எடுத்தால் சுவரில் உள்ள விரிசல் தெரியும். வீட்டுக்குள் மின்சாரம் குறைந்த அழுத்தத்தில் வருவது படத்தில் தெரியுமா? தெரியாது. மூளை அதிர்ச்சியும் அப்படித்தான். விரிசல் இல்லை. ஆனால் மின்சாரம் குறைவாக இருக்கிறது.

இந்த உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் குறைவாக வரும் நாளில் வீட்டில் என்ன செய்கிறார்கள்? ஒரு விளக்கைப் போடுகிறார்கள். மிக்சியையும் மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதில்லை. ஓட்டினால் எல்லாம் நின்றுபோகும். அடிபட்ட மூளைக்கும் இதே விதிதான். கொஞ்சம் வேலை கொடுக்கலாம். எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது.

எப்படியெல்லாம் அடிபடுகிறது?

பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயதுவரை ஓடி ஆடும் வயது. இருசக்கர வண்டியிலிருந்து விழுகிறார்கள். கபடியில் தலையோடு தலை மோதுகிறது. கோ-கோவில் கம்பத்தில் மோதுகிறார்கள். மாமரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுகிறார்கள். குஜராத்தில் ஜனவரி 14 அன்று உத்தராயண விழா. அன்று பட்டம் விடும்போது மொட்டை மாடியிலிருந்து விழுகிறவர்கள் உண்டு. மும்பையில் கோகுலாஷ்டமியின்போது ஆள்மேல் ஆள் ஏறித் தயிர்ப்பானை உடைக்கிறார்கள். அதில் விழுந்து அடிபடுகிறவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைத் தலையில் அடிப்பதாலும் மூளை அதிரும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டிலும் அந்தக் கை ஓங்க வேண்டாம்.

முதலில் உயிர்

அடிபட்ட உடனே படிப்பைப் பற்றி யோசிக்கக் கூடாது. முதலில் உயிரைப் பற்றி யோசிக்க வேண்டும். சில சமயம் மூளைக்குள் ரத்தம் கசியும். அது ஆபத்து.

ராமன் லம்பா இந்தியாவுக்காக ஆடிய கிரிக்கெட் வீரர். 1998 பிப்ரவரியில் அவர் டாக்காவில் ஒரு போட்டியில் ஆடினார். தலைக்கவசம் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகே நின்றிருந்தார். பந்து அவர் தலையில் பட்டது. அடி பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே ரத்தம் கசிந்தது. நினைவு இழந்தார். மூன்று நாளில் இறந்துவிட்டார். "எழுந்து நடக்கிறானே, அப்புறம் என்ன?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு இது பாடம்.

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மீண்டும் மீண்டும் வாந்தி எடுப்பது.
தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது.
வலிப்பு வருவது.
எழுப்பினாலும் எழாமல் தூங்கி வழிவது.
நினைவு தப்புவது.
பேச்சுக் குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது.
கை காலில் பலம் குறைவது, மரத்துப்போவது.
ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது.
மூக்கிலோ காதிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது.
கழுத்து கடுமையாக வலிப்பது.

நாடு முழுவதற்கும் அவசர உதவி எண் 112. பெரும்பாலான மாநிலங்களில் 108ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். கழுத்து வலித்தால் பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுத்தபடியே இருக்கட்டும்.

சில ஊர்களில் தலையைப் பிடித்துத் திருப்பிச் சுளுக்கு எடுப்பார்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அது கூடவே கூடாது.

அறிகுறி தாமதமாகவும் வரும்

அடிபட்ட நேரத்தில் பிள்ளை நன்றாக இருக்கலாம். சில மணி நேரம் கழித்தோ மறு நாளோ தொல்லை தொடங்கலாம். கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் இதைச் சொல்வது எளிது.

2020 டிசம்பர் 4 அன்று கான்பெரா நகரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடி முடித்தார். ஓய்வறைக்கு வந்த பிறகுதான் தலை சுற்றுகிறது என்று சொன்னார். அவருக்குப் பதிலாக யுஸ்வேந்திர சாஹல் களம் இறங்கினார்.

2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்திலும் இப்படி நடந்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து பட்டது. அவர் வெளியே போய், அன்றே திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் வந்தன. உடனே அவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த டெஸ்ட் போட்டியிலும் அவர் ஆடவில்லை. குணமான பிறகு மான்செஸ்டரில் ஆடி 211 ஓட்டம் எடுத்தார்.

இதில் என்ன தெரிகிறது? ஓய்வு எடுத்ததால் அவருடைய ஆட்டம் போய்விடவில்லை. ஓய்வு எடுத்ததால்தான் அந்த ஆட்டம் வந்தது.

முதல் இரண்டு நாள்

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்து என்ன?

முதல் ஒன்று அல்லது இரண்டு நாள் பிள்ளை ஓய்வாக இருக்கட்டும். பள்ளி வேண்டாம். விளையாட்டு வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம். சைக்கிள் ஓட்ட வேண்டாம். மெதுவாக நடக்கலாம். பேசிக்கொண்டிருக்கலாம். நன்றாகச் சாப்பிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். "தூங்கவே விடாதே" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லது.

செல்போனும் டி.வி.யும் இந்த இரண்டு நாள் வேண்டாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம் முதல் 48 மணி நேரம் திரை பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். மற்றவர்களைப் பார்க்க விட்டார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சுமார் மூன்றரை நாளில் குணம் தெரிந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 8 நாள் ஆனது.

மாத்திரையை டாக்டரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கித் தினமும் வலி மாத்திரை கொடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும்.

இருட்டறை வேண்டாம்

ஒரு காலத்தில் டாக்டர்களே நீண்ட ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். "முழுவதும் குணமாகும்வரை இருட்டறையில் படுத்திரு" என்பார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. சிலருக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுத்து, பிறகு படிப்படியாக வேலை செய்யச் சொன்னார்கள். ஐந்து நாள் படுத்திருந்தவர்கள்தான் அதிகத் தொல்லை சொன்னார்கள்.

2023ஆம் ஆண்டு கனடாவில் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. மூன்று நாளுக்குக் குறைவாக விடுப்பு எடுத்துப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது தொல்லைகள் குறைவாக இருந்தன.

எனவே இரண்டு தவறும் வேண்டாம். மறு நாளே முழுப் பாரத்தையும் ஏற்றுவது ஒரு தவறு. மாதக் கணக்கில் வீட்டில் படுக்க வைப்பது இன்னொரு தவறு. நடுவழிதான் நல்ல வழி.

நான்கு படிகள்

உலக அளவில் மருத்துவர்கள் கூடி 2022இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பேசினார்கள். பள்ளிக்குத் திரும்புவதற்கு நான்கு படிகளைச் சொன்னார்கள். எளிமையாகச் சொன்னால் அவை இவைதான்.

முதல் படி, வீட்டில் சிறு வேலை. ஐந்து நிமிடம் முதல் பதினைந்து நிமிடம்வரை படிக்கலாம், பேசலாம். பிறகு ஓய்வு. மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டலாம்.

இரண்டாம் படி, வீட்டிலேயே பாடம். புத்தகம் படிக்கலாம். வீட்டுப்பாடம் கொஞ்சம் செய்யலாம்.

மூன்றாம் படி, பள்ளியில் பாதி நாள். அல்லது நாள் முழுவதும் இருந்து, நடுநடுவே ஓய்வு.

நான்காம் படி, பள்ளியில் முழு நாள். விட்ட பாடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது போவது? இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பிள்ளையிடம் கேளுங்கள். "தலைவலி இல்லை என்றால் 0. தாங்கவே முடியாது என்றால் 10. இப்போது எத்தனை?" பிள்ளை 2 என்கிறது. படித்த பிறகு மறுபடி கேளுங்கள். 3 அல்லது 4 என்றால் பயம் இல்லை. கொஞ்சம் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட்டால் அதே அளவில் தொடரலாம். இரண்டு எண்ணுக்கு மேல் கூடினால், அல்லது ஒரு மணி நேரம் ஆகியும் தணியாவிட்டால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாள் அதைவிடக் குறைவான நேரம் படிக்கட்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நான்கு வாரம் கடந்தும் தொல்லை இருந்தால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் நரம்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

வீட்டு வேலையும் வேலைதான்

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். கோ-கோ விளையாடும்போது கம்பத்தில் தலை மோதிவிட்டது. "ஓய்வு கொடுங்கள்" என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே இருக்கிறாள்.

அவள் ஓய்வாகவா இருக்கிறாள்? காலையில் தலையில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டு வருகிறாள். விறகு அடுப்புப் புகையில் சமைக்கிறாள். அம்மா கூலி வேலைக்குப் போன பிறகு தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். துணி துவைக்கிறாள். மாலையில் தலைவலி என்கிறாள். "பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை, உனக்கு என்ன தலைவலி?" என்று கேட்கிறார்கள்.

நம் நாட்டில் பெண் பிள்ளைகளுக்கு ஓய்வு என்றால் பள்ளிக்கு மட்டும்தான் ஓய்வு. இது நியாயமா? குடம் சுமப்பதும் குனிந்து பெருக்குவதும் புகையில் இருப்பதும் அடிபட்ட தலைக்குப் பாரம்தான். ஆண் பிள்ளைகளுக்கும் அப்படியே. மூட்டை தூக்குவதும் வெயிலில் மாடு மேய்ப்பதும் ஓய்வு ஆகாது. கொஞ்ச நாளைக்கு அந்த வேலைகளை வீட்டில் உள்ள மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவும் அண்ணனும் குடம் எடுத்தால் கை தேய்ந்துவிடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

எழுதப் படிக்கக் கற்ற தாய் தந்தையருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் நான்கு வரி எழுதுங்கள். இன்றைய தேதி. இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள். இன்று எவ்வளவு நேரம் படித்தாள். தலைவலி பத்துக்கு எத்தனை.

இதில் பெரிய பயன் இருக்கிறது. டாக்டர் "எப்படி இருக்கிறாள்?" என்று கேட்பார். "அப்படியேதான் இருக்கிறாள்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நோட்டைக் காட்டினால், போன வாரம் 6 என்று இருந்தது இந்த வாரம் 3 ஆகியிருப்பது தெரியும். பிள்ளைக்கும் தைரியம் வரும். ஆசிரியருக்கும் நம்பிக்கை வரும். கண்ணுக்குத் தெரியாத காயத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அந்த நோட்டுத்தான்.

பள்ளிக்கு எழுத வேண்டிய கடிதம்

பிள்ளை பள்ளிக்குப் போவதற்கு முன்பே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். கையில் ஒரு கடிதம் கொண்டுபோங்கள். டாக்டர் கொடுத்த சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதலாம்.

"ஐயா, வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ....... தேதி தலையில் அடிபட்டது. மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சில வாரத்தில் குணமாகும் என்கிறார். அதுவரை பாதி நாள் மட்டும் வர அனுமதி தர வேண்டும். நடுவில் ஓய்வு தர வேண்டும். விளையாட்டு வகுப்பு வேண்டாம். விட்ட பாடத்தையும் தேர்வையும் பிறகு முடிக்க உதவ வேண்டும். டாக்டர் சீட்டு இணைத்துள்ளேன். இப்படிக்கு, ......."

கடிதத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

ஆசிரியப் பெருமக்களுக்குப் பல வேலை. ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கலாம். ஆனாலும் இங்கே சொல்லும் எதற்கும் பணம் தேவையில்லை.

பிள்ளையை வெயில் படாத இடத்தில், சத்தம் குறைந்த பக்கத்தில் உட்கார வையுங்கள். காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்க வைக்காதீர்கள். ஒவ்வொரு பாடவேளைக்குப் பிறகும் சிறிது நேரம் மேசையில் தலை சாய்த்திருக்க விடுங்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது அடிபட்ட பிள்ளைக்கு மிகவும் கடினம். கண் மேலே போக வேண்டும், கீழே வர வேண்டும். இடையில் படித்ததை நினைவில் வைக்க வேண்டும். ஆகவே பக்கத்துப் பிள்ளையின் நோட்டை நகல் எடுத்துக் கொடுக்கலாம். காதால் கேட்டால் போதும் என்று சொல்லலாம்.

ஐந்து கணக்குக்குப் பதில் இரண்டு கணக்குக் கொடுங்கள். ஒரே நாளில் இரண்டு தேர்வு வேண்டாம். எழுத அதிக நேரம் கொடுங்கள். வாயால் பதில் சொல்லவும் விடலாம். மதிய உணவு நேரத்தில் கூச்சல் அதிகம். ஒரு தோழியோடு மரத்தடியில் அமர்ந்து சாப்பிட விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. வகுப்பில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். "இவளுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும். எல்லோரும் உதவ வேண்டும்." ஆசிரியர் இப்படிச் சொல்லிவிட்டால் கேலி செய்கிற பிள்ளையும் பை தூக்க வந்து நிற்கும்.

வீட்டார் முதலில் நிறுத்த வேண்டியது மாலை டியூஷனை. பகலெல்லாம் உழைத்த தலைக்கு மாலையில் ஓய்வு வேண்டும்.

பொதுத் தேர்வு வந்தால்?

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிறவர்களுக்கு இது பெரிய கவலை. இதற்கு வழி உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பொதுத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். நோயினால் வர முடியாதவர்கள் மருத்துவச் சான்றோடு கேட்டால் சலுகை தர விதி இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் அந்தந்த மாநிலத்தின் விதி நடக்கும். எதுவானாலும் முன்கூட்டியே தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தொலைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

அப்படியே ஓர் ஆண்டு தவறினாலும் கதவு மூடிவிடாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம்.

மனமும் அடிபடுகிறது

மூளை அதிர்ந்தால் படிப்பு மட்டும் தடுமாறுவதில்லை. மனமும் தடுமாறும். எரிச்சல் வரும். காரணம் இல்லாமல் அழுகை வரும். "எனக்கு இனி படிப்பு வராதோ?" என்ற பயம் வரும். வளரும் வயதில் இந்தப் பயம் பெரிது. அதைப் பெற்றோரிடம் சொல்லக் கூச்சமும் பெரிது.

பக்கத்தில் உட்காருங்கள். "சரியாகிவிடும், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். நண்பர்கள் வந்து பார்த்துப் போகட்டும். தனிமை நோயைக் கூட்டும். பிள்ளை எப்போதும் சோர்ந்தே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். "வாழ்வதே வேண்டாம்" என்பது போலப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 முதல் நடக்கிறது. பணம் கிடையாது. இரவும் பகலும் பேசலாம். இந்திய மொழிகள் பலவற்றிலும் பேசலாம்.

விளையாட்டு கடைசியில்தான்

பள்ளியில் முழு நாள் தொல்லை இல்லாமல் படித்த பிறகுதான் மோதல் உள்ள விளையாட்டு. மெல்ல நடப்பதும் சிறிது உடற்பயிற்சியும் முன்பே தொடங்கலாம். ஆனால் கபடி, கால்பந்து போன்றவற்றுக்கு டாக்டர் அனுமதி வேண்டும். ஆறாத மூளையில் இரண்டாவது அடி பட்டால் ஆபத்து மிக அதிகம். உயிரே போகலாம்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் அந்த நாட்டுக் கால்பந்து ஆடினான். தலையில் அடிபட்டது. அதே ஆட்டத்தில் அவனை மறுபடி இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் விழுந்துவிட்டான். மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் பேசவும் நடக்கவும் மறுபடி கற்க வேண்டியதாயிற்று. அவன் பெயரால் 2009இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் செய்தது. தலையில் அடிபட்ட மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும். மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மறுபடி ஆட விட வேண்டும். பிறகு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இப்படிச் சட்டம் செய்தன.

ஊர்ப் போட்டி நடத்துகிறவர்கள் இதைச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் கடைப்பிடிக்கலாம். "அடிபட்டால் வெளியே. அன்றைக்கு மறுபடி உள்ளே இல்லை." இந்த ஒரு வரியை மைதானத்தில் எழுதி வைத்தாலே போதும்.

இருசக்கர வண்டியில் போகும்போது பிள்ளைக்கும் தலைக்கவசம் போடுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது கட்டாயம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

படிப்பு நின்றுவிடக் கூடாது

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் வீட்டில் ஒரு நாள் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"அவளுக்குத்தான் தலை வலிக்கிறதே. படிப்பு போதும். வீட்டில் இருக்கட்டும்" என்கிறார் அப்பா.

"டாக்டர் சில வாரம் என்றுதானே சொன்னார்? நீங்கள் ஆயுள் முழுவதும் என்கிறீர்களே!" என்கிறாள் அம்மா. "நாளைக்கு வேலைக்குப் போகும் வழியில் பெரிய டீச்சரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்."

பெரியோர்களே, எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு ஒரே நாளில் நிற்பதில்லை. ஒரு காய்ச்சலில் தொடங்கும். ஒரு விபத்தில் தொடங்கும். ஒரு வாரம் போகவில்லை என்பார்கள். பிறகு ஒரு மாதம். விட்ட பாடம் மலைபோல் நிற்கும். பயம் வரும். வெட்கம் வரும். அப்புறம் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஆகிவிடும். பெண் பிள்ளையானால் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிடும். அடி அதைச் செய்யவில்லை. அடிக்குப் பிறகு யாரும் கை கொடுக்காததுதான் அதைச் செய்தது.

கை ஒடிந்தால் ஊர் பொறுக்கிறது. தலைக்கும் அதே பொறுமை வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. மயக்கம் வராவிட்டாலும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மூளை அதிர்ச்சி இருக்கலாம்.
2. ஆபத்து அறிகுறி கண்டால் உடனே ஆஸ்பத்திரி.
3. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. திரை வேண்டாம். பிறகு படிப்படியாகப் படிப்பு.
4. வீட்டு வேலைக்கும் ஓய்வு வேண்டும்.
5. தினமும் நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்குக் கடிதம் கொடுங்கள்.
6. முழுப் படிப்பு முதலில். மோதல் விளையாட்டு கடைசியில், டாக்டர் சொன்ன பிறகு.
7. நான்கு வாரம் கடந்தும் தொல்லை இருந்தால் மறுபடி டாக்டர்.

இந்தச் செய்தியைப் படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.